நான் எழுதிய முதலாளி

பழைய ஏதென்ஸ் நகரத்தில் வழக்கு என்று வந்துவிட்டால் வழக்குக்காரனே எழுந்து நின்று பேச வேண்டும். அதனால் காசுள்ளவன் எழுதத் தெரிந்தவனைப் பிடித்துப் பேச்சை எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, சொந்தப் பேச்சு போலவே ஒப்பிப்பான். எழுதியவன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பான். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இந்தப் பாடம் வந்தால் மட்டும் என் குரல் ஏறிவிடும். காசிமேட்டில் எனக்கும் அதே பிழைப்புதான்.

இங்கே ஒரு படகுக்காரர் சங்கத்தில் அதே முறை. தகராறு யாருடையதோ அவரே பேச வேண்டும், கையில் தாள் இருக்கக் கூடாது. வெளியாள் எழுதிக் கொடுத்தது தெரிந்தால் பேசியவர் தோற்றார். ஆகவே வீட்டில்கூட நான் மூச்சு விட்டதில்லை. முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன் என்றே என் மனைவி நினைத்திருந்தாள்.

போன வருஷம் ஒரு விசைப்படகு முதலாளி வந்தார். அப்பா பணத்தில் வாங்கிய படகை மனைவி பெயரில் எழுதி ஏமாற்றிவிட்டார் என்று அவருடைய தம்பி சங்கத்தில் புகார் சொல்லியிருந்தார்.

"நான் வாயத் தொறந்தா கெட்ட வார்த்ததான் சார் வருது. ஜனங்க கண்ணு கலங்கற மாதிரி எழுதிக் குடு" என்றார்.

"உங்க வீட்டம்மாவப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "நல்ல மாதிரி" என்றார். அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் என் வீட்டிலிருந்து எடுத்தேன். என் மனைவி துணி மடிக்கும்போது பாடுவாள். ஆள் வந்தால் சட்டென்று நிறுத்திவிடுவாள். பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் சத்தமில்லாமல் நின்று கேட்டுவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் வெட்கப்பட்டுப் பாட மாட்டாள். இதை எழுதி, என் குரலிலேயே பதிந்து அவர் போனுக்கு அனுப்பினேன். காரில் போகும்போதெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம். தெருவே போனது, என் மனைவியும் போனாள், நானும் கூட்டத்தில் நின்றேன். முதலாளி எழுந்தார்.

"எம் பொண்டாட்டி துணி மடிச்சிகினே பாடும். நான் உள்ள போனா நிறுத்திடும். அதான் செருப்ப கைல எடுத்துகினு படியிலயே நிப்பேன். அந்தப் பாட்டுக்கு நான் இன்னா குடுத்துக்கீறேன்? ஒரு படகு. அது தப்பா?"

நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவரும் வாங்கினார். பதியும்போது நான் தவறி இருமிய இருமலைக்கூட விடாமல் இருமினார். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். தம்பியே தலையைக் குனிந்துகொண்டார். படகு அந்த அம்மாவுக்கே என்று முடிவானது. முதலாளி வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, அவர் எந்தப் படியில் நின்றார்? ஜெயித்தது என் எழுத்து, எரிந்தது என் வயிறு.

வீட்டுக்கு வந்தும் என் மனைவியின் கண் ஈரமாகவே இருந்தது. "இன்னா மனுசன்யா அவரு! அத்தினி பேரு முன்னாடி பொண்டாட்டியப் பத்தி எப்டி சொன்னாரு! நீயுந்தான் கீற. கொழம்புல உப்பு கம்மின்னா மட்டும் வாய் தொறக்கும்."

தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் இடத்திலும் அதே புகழ்ச்சி. எனக்குப் பொறாமை பொங்கியது. அடுத்தவன் சட்டையைப் பார்த்து ஏங்குவது சகஜம். என் சட்டையை அடுத்தவன் மாட்டிக்கொண்டு போக, அவனை என் மனைவி அழகன் என்றால் எப்படிப் பொறுப்பது?

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்ததைச் சொல்ல முடியாது, என்னைப் பற்றிய உண்மையைச் சொல்லலாம் அல்லவா?

"நீ பாடறத நானும் படியில நின்னு கேப்பேன். இத்தினி வருசமா" என்றேன்.

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் சிரித்தாள்.

"யோவ், அவரு பேசினத அப்டியே என்கிட்ட ஒப்பிக்கிறியா? சொந்தமா ஒண்ணு சொல்லேன்யா."