எண்ணெய் பூசிய மரகதம்

பட்டை தீட்டாத கற்களை நனைத்துக் காட்டுவது கல் கண்காட்சி வியாபாரிகளின் வழக்கம். ஈரத்தில் ஜல்லிகூட மாணிக்கமாக மின்னும். நோயில் படுத்த மனைவிக்குத் தன் கையாலேயே கல் தீட்டி மோதிரம் செய்து தருவதாகச் சவடால் விட்டிருந்த கடிகாரக்கடைக்காரர், இரண்டு முறை ஏமாந்த பிறகு, இம்முறை நிபுணராகவே போனார்.

“என்கிட்ட தண்ணி வேலையெல்லாம் நடக்காதுப்பா. காய்ஞ்ச கல்லா எடு.”

“சார் விவரமானவரு!” என்று வியாபாரி பவ்யமாக எடுத்துக் கொடுத்த பச்சைக்கல், காய்ந்தும் ஜொலித்தது. நிபுணர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தார்.

மனைவி கல்லை வாங்கித் துணியால் துடைத்தாள். பளபளப்பு முழுவதும் துணிக்குப் போய்விட்டது.

“இந்தத் தடவை எண்ணெயாங்க? நல்ல முன்னேற்றம்தான்.”

அவர் தலை கவிழ்ந்தார்.

“அட விடுங்க, இதையே தீட்டிக் குடுங்க. மரகதம்னு நான் சொல்லிக்கிறேன்.”

விரலில் அந்தக் கல்லோடு, கடைசிவரை ஆஸ்பத்திரி நர்சுகளிடம் அவள் கூசாமல் அப்படியே சொன்னாள்.