அம்மாவுக்கு எடுத்த ஸ்கேன்

பொம்பளை டாக்டர் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைன்னா, நோயோட மல்லுக்கட்டுறது கொஞ்சம், வீட்டாளுகளோட மல்லுக்கட்டுறதுதான் நிறைய. ராஜபாளையத்துல இந்தப் பாடு படுற நான், வேற ஊர்ல இதே வெள்ளை உடுப்பைப் போட்டுக்கிட்டுப் பல்லைக் கடிக்கிற உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்ல?

தடுப்பூசி

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருத்தர் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்திருந்தாரு. காலேஜ் படிக்கிற மகள் இருக்கான்னாரு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டுட்டா நல்லதுன்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். வீட்டுல வளக்குற நாய்க்கு வருசம் தவறாம ஊசி போடுறதைப் பெருமையா சொன்ன மனுசன், இதைக் கேட்டதும் மூஞ்சியைச் சுளிச்சாரு. "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அந்த ஊசியெல்லாம் எதுக்கு சிஸ்டர்? பொறவு கட்டிக்கிட வாரவன் பாத்துக்கிடுவான்."

தேவதானத்து அம்மா

தேவதானத்துலருந்து ஒரு அம்மா வந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். மாசத்துல பாதி நாள் உதிரம் போகுது, கட்டி கட்டியா விழுது, எந்திரிச்சா கண்ணை இருட்டுதுன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னாங்க. டாக்டர் கீழிமையை இழுத்துப் பாத்தா நல்லா செவசெவன்னு இருக்கு. இம்புட்டு ரத்தம் போற உடம்பு மாதிரி தெரியலையேன்னு ஸ்கேனுக்கு அனுப்புனாங்க. அதுலயும் ஒரு குறையும் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா"ன்னு சொல்லி, சத்து மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்தாங்க. அந்தம்மா முகத்துல அப்படி ஒரு நிம்மதி. போகும்போது என்னை ஓரமா கூப்பிட்டு மெதுவா கேட்டாங்க: "சிஸ்டரு, இதை வயசுப் பிள்ளையும் சாப்பிடலாம்ல?"

மில் வேன்ல வந்த பிள்ளை

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மில் வேன் எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்போதே மயங்கி விழுந்த பிள்ளையைக் கைத்தாங்கலா இறக்குனாங்க. பேரு மாரீஸ்வரி, இருபத்திரெண்டு வயசு. உதடெல்லாம் வெளிறிக் கிடந்துச்சு. டெஸ்ட் எடுத்தா, இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிகூட இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இருதயம் தாங்கியிருக்காதுன்னாங்க டாக்டர். பின்னாடியே பதறி ஓடி வந்தாங்க பிள்ளையோட அம்மா. பாத்தா, அதே தேவதானத்து அம்மா!

அப்பத்தான் எல்லாம் விளங்குச்சு. மகளுக்கு வத்திராயிருப்புல மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்காங்க. கல்யாணம் ஆகாத பிள்ளை பொம்பளை டாக்டர் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்ததை யாராச்சும் பாத்தா என்ன பேசுவாங்களோன்னு, மகள் நோவைத் தன் நோவுன்னு சொல்லி, தன் வயித்தை ஸ்கேனுக்குக் காட்டிட்டுப் போயிருக்காங்க பெத்த தாய்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. இத்தனை நாளா ஏம்மா காட்டலைன்னு டாக்டர் மாரீஸ்வரிகிட்ட கேக்க, அந்தப் பிள்ளை ஈனசுரத்துல சொல்லுச்சு: "ஸ்கேன்ல எனக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க."

ரத்தம் ஏறுற நேரம்

பிள்ளை கையில ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு. மாத்திரையில சரியாகுற ஹார்மோன் கோளாறுதான், முதல்லயே காட்டியிருந்தா இம்புட்டுக்கு வந்திருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அந்தம்மா முந்தானையை வாயில பொத்தி அழுதாங்க. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அழுது முடிச்ச கையோட என்ன கேட்டாங்க தெரியுமா? வத்திராயிருப்புலருந்து யாராச்சும் விசாரிச்சா மஞ்சக்காமாலைன்னு சொல்லிரணுமாம்! "உங்க மகள் பொழைச்சது பெருசா, வத்திராயிருப்பு பெருசா?"ன்னு வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்திட்டேன். கத்தினதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்த நேரம் டாக்டர் வந்து, எந்த வயசுல பெரிய மனுசி ஆனே, மாசாமாசம் எத்தனை நாள் போகும்னு மாரீஸ்வரிகிட்ட கேக்க ஆரம்பிச்சாங்க. பிள்ளை வாயைத் திறக்குமுன்னே அம்மா பதில் சொன்னாங்க. அடுத்த கேள்விக்கும் அம்மாதான். மாரீஸ்வரி கண்ணை மூடிக்கிட்டே சொன்னா: "யம்மா, நீ செத்த நேரம் வெளிய இரு. என் உடம்பைப் பத்தி நான் பேசிக்கிடுதேன்."

மகளுக்கு ஏத்த ரத்தம் கிடைச்சிருச்சு, அம்மாவுக்கு எதை ஏத்துனா சரியாகும்னுதான் எந்த டாக்டரும் இன்னும் எழுதித் தரல.