குடைப் பட்டாளத்துக் கல்

இது நடந்தது. அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலில் கிடக்கவும் இல்லை. ‘பனியில் எதையோ பார்த்துப் பயந்திருப்பாய்’ என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவன்கூட சாயங்காலம் அந்த உச்சி மலையில் நின்றதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அன்றைக்கு வந்த பயம் எனக்கு என்றைக்கோ போய்விட்டது. கோபம்தான் போகவில்லை.

மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். கம்பிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் குற்றம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போடுகிறோம் என்று பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துத்தான் விடுவார்கள்.

அந்தக் காட்டுக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விமானத்திலிருந்து குடை விரித்துக் குதிப்பார்கள். குடைப் பட்டாளம் என்போம். குடை மர உச்சியில் மாட்டிக்கொள்ளும். இடுப்பில் வைத்திருக்கும் நீளக் கயிற்றைக் கிளையில் கட்டி அவர்கள் கீழே இறங்குவார்கள். ஒருமுறை ஒருவன் கை ஒடிந்து, இறங்க முடியாமல் மேலேயே தொங்கினான். மரம் ஏறத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஆபீசர் தோட்டத்துக்கு வந்து கேட்டார். துரை என் அண்ணன் மாடசாமியைக் கைகாட்டினார். நிழல்மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அண்ணனின் வேலை. வருகிறாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பட்டாளத்து லாரியில் ஒரு பெட்டி வந்தது. ஆணி அடித்த பெட்டி. கிளை முறிந்து இரண்டு பேருமே செத்துவிட்டார்கள் என்றார்கள். வெள்ளைக்காரனை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அண்ணனின் பெட்டி வீட்டுக்குக்கூட வரவில்லை. நேராகக் கம்பிக்கு வெளியே, புதைகுழிக்குப் போனது. வாய்க்கரிசி போட அண்ணி தங்கம்மா ஒரு பிடி அரிசியோடு ஓடிவந்தாள். கேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். செத்தவன் வாயில் போடும் அரிசி ஐயா அது. அதையும் விடவில்லை.

“பொட்டியத் தொறக்கக் கூடாது. மொகம் பாக்குற மாதிரி இல்ல,” என்றார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி சிங்காரம். மண்ணைத் தள்ளிவிட்டு வந்தோம்.

மறுவருஷம், செத்துப்போன தங்கள் ஆளுக்கு நினைவுக்கல் வைக்க அந்தப் பட்டாளம் வந்தது. எங்கள் உச்சி மலையில், காடு தொடங்கும் இடத்தில். கல்லைச் சுமந்தவன் நான். சிமெண்ட் குழைத்தவன் நான். பித்தளைத் தகட்டில் அந்த வெள்ளைக்காரன் பெயரும் பட்டாளத்தின் சின்னமும் இருந்தன. அண்ணி துரை பங்களா வாசலில் போய் நின்றாள். துணைக்கு நான் போனேன். கிராணிதான் வெளியே வந்தார்.

“அவரு பேரையும் போடச் சொல்லுங்கய்யா. அந்த ஆள எறக்கத்தான் ஏறினாரு.”

கிராணி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “இது பட்டாளத்துக் கல்லு லா. தோட்டத்து ஆளு பேரெல்லாம் போட மாட்டாங்க. போ, வேலையப் பாரு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மரம் ஏற நாங்கள் வேண்டும், கல் சுமக்க நாங்கள் வேண்டும், பெயர் மட்டும் வேண்டாம். அண்ணி அழவில்லை. லயத்துக்குத் திரும்பும் வழியில் சொன்னாள்.

“பேரு கெடக்கட்டும் தம்பி. அவரு வாயில ஒரு பிடி அரிசி போடணும். அந்தக் கல்லுல வச்சிக் கும்பிட்டுட்டு வரலாம்.”

“அத குழியில போயி போடலாமே அண்ணி.”

“குழியில அவரு இல்ல. அங்க நின்னா எனக்கு ஒண்ணுமே தோணல.”

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

திறப்புக்கு முதல் நாள், தன் கல்யாணச் சேலையிலிருந்து கிழித்த மஞ்சள் துணியில் அரிசியை முடிந்து, கொண்டைக்குள் வைத்து கேட்டைத் தாண்டிவிட்டாள். கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் மலையை விட்டு இறங்கினார்கள். கல்லடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மணி ஐந்தேகால். பனி கனமாக இறங்கியது. பக்கத்துத் தேயிலைச் செடிகூட மறைந்துவிட்டது.

காட்டில் பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

கிறீச்... கிறீச்...

பாரம் தொங்கும் கயிற்றின் சத்தம். காட்டுக்குள் இருந்து இல்லை. எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்து.

மேலே மரம் கிடையாது. சுடுவதற்குத் தோதாக இருக்கட்டும் என்று அங்கிருந்த மரங்களைப் பட்டாளம் எங்களை விட்டு வெட்டித் தள்ளியிருந்தது. வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

சுருட்டு வாசனை வந்தது. அண்ணன் பிடிக்கும் சுருட்டு...

“போலாம் அண்ணி. கேட்ட மூடிருவாங்க.”

அவள் அசையவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு கயிற்று நுனி இறங்கியது. நனைந்த கயிறு. கல்லுக்கு மேல் ஒரு முழத்தில் நின்று ஆடியது. காற்றே இல்லை.

நுனியில் இரட்டைச் சுருக்கு. கீழே இருந்து கத்தியை மேலே இழுக்க அண்ணன் போடும் சுருக்கு அது.

கிறீச்...

ஏதோ இறங்கி வருகிறது...

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணி கொண்டையிலிருந்து முடிச்சை எடுத்தாள். அவள் கை மேலே போனது.

“மேல பாக்காதீங்க அண்ணி.”

பார்த்துவிட்டாள்.

“வாயி தொறந்துதான் இருக்கு தம்பி.”

சத்தம் நின்றது.

கை கீழே வந்தது. காலி.

ஓடினோம். கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்தார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது?

மறுநாள் திறப்பு விழா. கொடி, ஊதுகுழல், சலாம். எங்களையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு மரமேற ஆள் கேட்டு வந்த அதே ஆபீசர் பேசினார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். “எங்க ஆளு ஒருத்தரையும் நாங்க காட்டுல விட்டுட்டு வந்ததில்லன்னு சொல்றாரு.” பிறகு எல்லோரும் தலை குனிந்து மௌனமாக நின்றார்கள்.

கிறீச்...

ஆபீசர் ஒருவர்தான் நிமிர்ந்து மேலே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவசரகாலம் முடிந்த வருஷம் தெரிந்தது. பட்டாளத்தின் சரித்திரத்தை எழுதப்போகிறார்கள் என்று நாலு பேர், காட்டுக்குள் அண்ணன் ஏறிய அந்த மரத்தைப் படம் பிடிக்க வந்தார்கள். வழிகாட்ட எங்கள் லயத்து வேலப்பன் போனான். ஏறிப் பார்த்தவன் அலறிக்கொண்டு இறங்கினான். மேலே, கிளைக் கவட்டையில் ஒரு எலும்புக்கூடு. இடுப்பில் எங்கள் தோட்டத்துக் கத்தி.

அன்று சாயங்காலம் தானா ராத்தா டவுனில் மீரான் பாயின் சாப்பாட்டுக் கடையில், வந்தவர்களில் ஒரு பழைய சிப்பாய், அன்றைக்கு அந்த மரத்தடியில் நின்றவன், எல்லாம் சொல்லி அழுதிருக்கிறான். பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“கெள முறியல தம்பி. ஒங்கண்ணன் அந்த வெள்ளக்காரனக் கட்டி பத்திரமா கீழ எறக்கிட்டாரு. அப்பதான் காட்டுல இருந்து கம்யூனிஸ்ட்டுக்காரனுங்க சுட்டிருக்கானுங்க. ஒங்கண்ணனுக்கு மரத்து மேலயே குண்டு பட்டிருச்சு. இந்தப் பட்டாளத்தானுங்க தங்களோட ஆள மட்டும் தூக்கிட்டு ஓடிட்டானுங்க. அந்த ஆளும் வழியிலயே மவுத்து. ஒங்கண்ணன் மேல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம்.”

கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். போனவர்கள்தான் கல் வைத்தார்கள்.

குழியைத் தோண்டி, பெட்டியின் ஆணியைப் பிடுங்கினோம். உள்ளே இரண்டு சாக்கு ஆற்று மணல்.

அந்தக் கல் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. வருஷம் தவறாமல் யாராவது வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். தகட்டில் ஒரே ஒரு பெயர்.

அப்போது மரத்திலிருந்து இறக்கிய எலும்புகளை அண்ணியின் முன்னால் சாக்கின் மேல் கொட்டினார்கள். மண்டை ஓட்டின் பற்களுக்கு நடுவில் ஏதோ இறுகிக் கிடந்தது. அவள்தான் எடுத்தாள். மஞ்சள் துணி. அவள் போட்ட முடிச்சு, போட்டபடியே இருந்தது.

அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு மணி அரிசிகூட இல்லை.