கணவர் பெயர்: பெருமாள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. ஆனால் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் நான் இருந்த காலத்தில், பி.ஏ. படித்தவர்கள் என் ஸ்டூலுக்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள். "தாயுமானவன் தேடிக் கிடைக்கலைன்னா அந்தக் காகிதம் எங்கயும் கிடையாது" என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வார்கள். நானும் அதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பாட்டன் பெயர், பூட்டன் ஊர் தேடி இளவட்டங்கள் என்னிடம் வருகிறார்கள். பழைய பேப்பர் கட்டிங்கையும் பழைய சென்சஸையும் எப்படிப் பார்ப்பது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் கண்டுபிடித்த வம்சங்களை எழுதினால் பெரிய புத்தகமே ஆகும். ஆனால் தொழில் கற்க அவை உதவாது. நான் தவறவிட்ட ஒன்றை எழுதுகிறேன்.

1. என் கையெழுத்து

எங்களுக்கு உறையூர். தறி நெய்கிற குடும்பம். அப்பா போன பிறகு ஒரு பைண்டிங் கடையில் பசை காய்ச்சினேன். கிழிந்த ரிஜிஸ்தர்களைத் தைக்க அந்த ஆபீஸுக்குப் போனவன், அங்கேயே அட்டெண்டராக உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் ரிக்கார்டு கீப்பர் கேட்டார். அவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், எல்லாரையும் 'ஓய்' என்றுதான் கூப்பிடுவார்.

"ஓய், உமக்கு எழுத வருமா, ஒட்ட மட்டும்தான் வருமா?"

எழுதிக் காட்டினேன். கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானே பழகிய எழுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அச்சாபீஸை முழுங்கிட்டு வந்தீரா?" என்றார்.

பேப்பர் கட்டிங்கும் என் சொந்த யோசனைதான். பழைய பேப்பர்க் கடைகளுக்குப் போய் மரண அறிவிப்புகளை வெட்டி வந்து, நானே பைண்டு செய்த நோட்டில் ஒட்டி வைத்தேன். இன்னார் மகன், இன்னார் மாமனார், இன்ன ஊர் என்று ஓர் அறிவிப்பில் முழுக் குடும்பமும் வந்துவிடும். வாரிசு தேடுகிறவர்கள் ஆபீஸ் ரிக்கார்டை விட என் நோட்டைத்தான் நம்பினார்கள். 'காணவில்லை' விளம்பரங்களை மட்டும் நான் வெட்டியதில்லை. காணாமல் போனவனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன்.

2. பென்சில் கூடாது

ஐம்பத்தொன்றில் சென்சஸ் எடுத்தார்கள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறைக்குப் பக்கத்துச் சந்துகளை ஒரு வாத்தியாருக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் அவருக்குப் பை தூக்கப் போனேன். மூன்றாம் நாள் அவருக்கு அம்மை கண்டுவிட்டது. "மிச்சத்தை நீயே எழுதிடு. உன் எழுத்து என் எழுத்தைவிட லட்சணமா இருக்கு" என்று சொல்லிப் படுத்துவிட்டார். சீட்டில் குறித்ததும் நான்தான், பிறகு ரிஜிஸ்தரில் ஏற்றியதும் நான்தான்.

ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஓர் அம்மாள் தனியாகக் குடியிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். படித்துறைச் சத்திரத்தில் பாத்திரம் துலக்கும் வேலை.

"பேரு?"

"மீனாட்சிங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தக் காலத்துப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்பது அவர்கள் பயம்.

"பக்கத்து வீட்டுல யாரையாச்சும் சொல்லச் சொல்லுங்கம்மா."

"இங்க யாருக்கும் தெரியாதுங்க. அவரு பர்மாவுல இருக்காரு." கோபுரத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அதோ, உள்ள படுத்திருக்காரே, அவரு பேருதாங்க."

நான் 'பெருமாள்' என்று எழுதிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் வேறு யார் படுத்திருக்கிறார்? எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நான் படிக்கவில்லை. என் எழுத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"என் மகனையும் எழுதிக்குங்க. முருகேசன். பதினஞ்சு வயசு."

"எங்க அவன்?"

"அவனும் அவரோடதான் இருக்கான். வந்துடுவான்."

"இங்க குடியிருக்கிறவங்களை மட்டும்தாம்மா எழுதணும்."

"பேரை மட்டும் எழுதுங்களேன். பென்சில்ல எழுதினாக்கூடப் போதும். அவன் வந்தப்புறம் மேல அழுத்தி எழுதிக்கலாம்."

"சர்க்கார் புஸ்தகத்துல பென்சில் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

3. பதினோரு ரங்கசாமிகள்

பதினாலு வருஷம் கழிந்தது. பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள், பர்மாக்காரர்கள் மாதிரி லுங்கி கட்டிய ஒருவன் ரிக்கார்டு ரூம் வாசலில் நின்றான். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி தழும்பு.

"அண்ணே, காகிதத்துல ஆளைக் கண்டுபிடிக்கிறவரு நீங்கதானா?"

"காகிதம் கிடைச்சா ஆள் கிடைச்ச மாதிரி. விஷயத்தைச் சொல்லு."

வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்தான். 'காணவில்லை. பர்மாவில் தகப்பனாருடன் தங்கிவிட்ட என் மகன் முருகேசன். வயது 16. இடது புருவத்தில் தழும்பு. எங்கிருந்தாலும் தாயாருக்குத் தெரிவிக்கவும். திருச்சி ஜில்லா' என்பதோடு கிழிந்திருந்தது. விலாசம் இல்லை. ரங்கூனில் யாரோ ஒருவர் இவன் புருவத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாராம்.

அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவன் அம்மா, நோயாளியான தன் அப்பாவைப் பார்க்கக் கப்பலேறி ஊருக்கு வந்திருக்கிறார். அதற்குள் ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கப்பல் நின்றுபோனது. சண்டையில் அவன் அப்பாவும் செத்துவிட்டார். ஒரு டீக்கடைக்காரர் இவனை வளர்த்தார்.

"அப்பா பேரு?"

"ரங்கசாமி."

"அம்மா பேரு?"

"அம்மாதான்ணே. அப்பா 'புள்ள'ன்னு கூப்பிடும். வேற பேரு கேட்டதில்ல."

"எந்த ஊருன்னு சொல்லுவாங்க?"

"அக்கரைன்னு சொல்லும். 'அக்கரைக்குப் போனதும் உனக்கு அது வாங்கித் தரேன், இது வாங்கித் தரேன்'னு."

நான் சிரித்துவிட்டேன். "பர்மா போனவங்க எல்லாருக்கும் இந்தியா அக்கரைதான்டா தம்பி. அதை வச்சு என்ன பண்றது? உங்கப்பன் பேரை வச்சுப் பிடிக்கிறேன் பாரு."

மூன்று வாரம் தேடினேன். டவுன் வார்டுகளில் ரங்கசாமி மனைவிகள் பதினோரு பேர் சிக்கினார்கள். பதினோரு வீட்டுக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பாலக்கரையில் ரங்கசாமியே வெளியே வந்து, "நான் கரூரைத் தாண்டினதில்ல, எனக்குப் பர்மாவுல பிள்ளையா? மெதுவாப் பேசுய்யா, உள்ள அவ இருக்கா" என்று கும்பிட்டார். அவன் அன்று சிரித்தான். உறையூரில் ஓர் அம்மாள் அவன் தழும்பைத் தடவிப் பார்த்து, "நான் இல்லையேப்பா" என்று அழுதார்.

கடைசியாக ஸ்ரீரங்கம் ரிஜிஸ்தர்களையும் எடுத்தேன். அம்மா மண்டபத்துச் சந்துகள் வந்தன. என் கையெழுத்து. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. நான் எழுதியதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று, கணவர் பெயர்ப் பத்தியில் மட்டும் விரலை ஓட்டி, வேகமாகப் புரட்டிவிட்டேன்.

அவனைக் கூப்பிட்டு, "தம்பி, ரிஜிஸ்தர்ல இல்லை. அதுல இல்லைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தம். ஆடி அமாவாசை வருது. ஆத்துல முழுகி எள்ளும் தண்ணியும் விட்டுடு. அவங்க ஆத்மாவாச்சும் அடங்கட்டும்" என்றேன்.

அவன் பேப்பர் துண்டை மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்தான். "நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்."

நானே கூட்டிக்கொண்டு போனேன், அம்மா மண்டபத்துக்கு. ஐயர் தாயார் பெயரைக் கேட்டார். அவன், "அம்மா" என்றான். காரியம் முடிந்ததும் படித்துறைச் சத்திரத்துப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பிறகு திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடையில் மாஸ்டராகச் சேர்ந்தான்.

4. ரேஷன் கார்டு

கார்த்திகையில் எங்கள் வீட்டுக்குப் புது ரேஷன் கார்டு வந்தது. குடும்பத் தலைவர் பெயர் கணபதி என்று இருந்தது.

"தங்கம், யாருடி இந்தக் கணபதி?"

என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நான் என்னங்க பண்ணட்டும்? எழுத வந்தவரு உங்க பேரைக் கேட்டாரு. மலைக்கோட்டையில இருக்கிறவர் பேருன்னு சொன்னேன். நடுவுல உங்க பேருல ஒரு சாமி இருக்காருல்ல, அவரை விட்டுட்டு அந்தாளு நேரா உச்சிப் பிள்ளையார்கிட்டப் போயிட்டான்."

"என் பேரைச் சொல்லித் தொலைச்சா என்ன குறைஞ்சிடும்?"

"உங்க ஆயுசுதான் குறையும். என் தங்கச்சியைப் பாருங்க, அவ வீட்டுக்காரர் பேரு பழனின்னு, பழனிக்குப் போறப்பக்கூட 'முருகன் மலைக்குப் போறேன்'னுதான் சொல்லுவா. ஊர்ப்பேரைக்கூட வாயில எடுக்க மாட்டா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"தங்கம், ரங்கசாமின்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டி ஸ்ரீரங்கத்தை எப்படிச் சொல்லுவா?"

"அதுலயும் ரங்கம் வருதே, எப்படிச் சொல்லுவா? திருச்சியில இருந்து பார்த்தா ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே. அக்கரைன்னு சொல்லிட்டுப் போறா."

கையைக் கழுவாமல் எழுந்தேன்.

ரிக்கார்டு ரூமில் அந்த ரிஜிஸ்தரை எடுத்து என் பக்கங்களை வரி வரியாகப் படித்தேன். மீனாட்சி. சத்திரத்து வேலை. கணவர் பெயர்: பெருமாள். அந்த வரியில் வேறு பெயர் எதுவும் இல்லை. முந்தானையால் மூடிய சிரிப்பும் கோபுரத்தைக் காட்டிய கையும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. பென்சிலும் ஞாபகம் வந்தது.

5. தகரப் பெட்டி

சைக்கிளை எடுத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டினேன். அந்த வீட்டு முன்கட்டில் ருக்மணி என்று ஒரு பூக்காரம்மா இருந்தார்.

"மீனாட்சியா? புரட்டாசியில போயிட்டாளே. காய்ச்சல்னு படுத்தா, நாலே நாள்."

"ஆடியில இருந்தாங்களா?"

"நல்லா இருந்தா. ஆடி அமாவாசையன்னிக்குச் சத்திரத்துல சரியான கூட்டம். காலையில இருந்து அண்டா அண்டாவாத் துலக்கிட்டு இடுப்பு விட்டுப்போய் வந்து உட்கார்ந்தா. நான்தான் எண்ணெய் தேய்ச்சு விட்டேன்."

அன்று எங்கள் பந்திக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ருக்மணியம்மா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு புடவை, ஒரு குங்குமச் சிமிழ், நூலால் கட்டிய ஒரு பேப்பர் கட்டு. எல்லாம் 'காணவில்லை' விளம்பரங்கள். அதே வாசகம், அதே தழும்பு. சண்டை முடிந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒன்று போட்டிருக்கிறார். வயது மட்டும் மாறிக்கொண்டே வந்தது. வயது 10. வயது 11. வயது 12. கட்டின் அடியில் வயது 29. ஒவ்வொன்றிலும் விலாசம் முழுசாக இருந்தது. நான் கத்தரி வைக்காமல் தள்ளிய பேப்பர்களில் இருபது வருஷமும் அந்தத் தாய் இருந்திருக்கிறார்.

"புருஷன் பேரு என்னன்னு கேட்டா கடைசி வரைக்கும் சொல்லலை. அவர் நல்லா இருக்கணும்னு அவ்வளவு பயம். குங்குமத்தோடதான் போனா" என்றார் ருக்மணியம்மா.

அவர் புருஷன் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

6. இங்க்

டீக்கடைக்குப் போனேன். முருகேசன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். பெட்டியைப் பெஞ்சில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பெருமாள் என்று எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தான். கட்டை அவிழ்த்து ஒவ்வொரு வயதாகப் படித்தான். பதினாறு வந்ததும் தன் வெற்றிலைப் பெட்டியில் இருந்த கிழிசலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"அப்ப உசுரோட இருந்தவளுக்கா எள்ளுத் தண்ணி விட்டேன்?"

பெஞ்சில் பிரிந்து கிடந்த பேப்பர்களை அடுக்கிக் கொடுத்தேன்.

"அந்தப் புஸ்தகத்தை நான் பார்க்கணும்" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

மறுநாள் தகரப் பெட்டியோடு ரிக்கார்டு ரூமுக்கு வந்தான். அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அம்மா பெயர் மேல் விரலை வைத்தான். "இதுல என் பேரு எங்க?"

பென்சில் கதையையும் சொல்லிவிட்டேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பென்சில் வேணாம். அதான் வந்துட்டேனே. அழுத்தி எழுதுங்க."

இங்க்கைத் தொட்டு, 'மகன் முருகேசன்' என்று எழுதினேன். சர்க்கார் ரிஜிஸ்தரில் கை வைத்தால் வேலை போகும். நிமிர்ந்தால் எதிரே கீப்பர் நின்றார். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஓய், இன்னிக்குக் கண்ணாடி கொண்டு வரலை. எனக்கு ஒண்ணும் தெரியறதில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

'பெருமாள்' என்பதை அடித்து ரங்கசாமி என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். முருகேசன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அதை அடிக்காதீங்க. அம்மா எங்கப்பா பேரைச் சொல்லலைங்கிறதுக்கு அது ஒண்ணுதான் அத்தாட்சி."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த டீக்கடைப் பக்கம் பிறகு நான் பல தடவை போயிருக்கிறேன். டீ கொடுப்பான். பேச மாட்டான்.

வம்சம் தேடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ரிக்கார்டில் தப்பு இருந்தால் உடனே அடித்துவிட்டுப் போகாதீர்கள். யார் சொன்னது, யார் எழுதியது, சொன்னவர் எந்தப் பெயரை விழுங்கினார் என்று கேளுங்கள். உங்கள் கையால் எழுதிய பக்கம் என்றால் இரண்டு தடவை படியுங்கள். அந்தத் தகரப் பெட்டியைத் திறந்த நாளுக்குப் பிறகு, "ஆளே இல்லை" என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. "நான் தேடின இடத்துல இல்லை" என்று மட்டும் சொல்வேன்.