கொச்சங்காடி மரத்துக் கொக்குக் குஞ்சுகள்

"குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள், சேட்டா" என்று இன்று காலை நான் சொல்லவில்லை.

கொச்சியின் கொச்சங்காடியில் மின்சார ஆட்டோக்கள் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒரு தூங்குமூஞ்சி மரம். கிளையெல்லாம் கொக்குக் கூடுகள். வண்டிகள்மேல் எச்சம் விழுகிறதென்று கிளைகளை வெட்ட ஆட்கள் வந்திருந்தார்கள்.

"புகையில்லாத வண்டி வாங்கி என்ன பிரயோஜனம், மோளே? தினம் இதைக் கழுவியே என் ஆயுசு போகுது" என்றார் நான் வழக்கமாக ஏறும் ஆட்டோக்காரர்.

"கொக்குக்கு என்ன, காயல் முழுக்க இடம் கிடக்கு" என்று சிரித்தார் இன்னொரு ஆட்டோக்காரர்.

குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைத்திருக்கவில்லை. எனக்கோ அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது. வழக்கமான வண்டியிலேயே ஏறினேன். புகை இல்லை என்பதற்காகத்தான் எப்போதும் அதைத் தேர்ந்தெடுக்கிறேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

மாலையில் திரும்பியபோது கிளைகள் இல்லை. செத்த குஞ்சுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.