தள்ளுபடி

பஞ்சாயத்துத் தலைவர் பதவியை எங்கள் ஊரில் பெண்களுக்கு ஒதுக்கிய முதல் எலெக்‌ஷனில் நான் நின்றேன். நின்றேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்த நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண். பெண்களுக்குத்தான் என்று அறிவிப்பு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர், ஒரு காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

சுவரெல்லாம் என் பெயர். அதற்குக் கீழே, இன்னும் பெரிய எழுத்தில் அவர் பெயர். சின்னம் பூட்டு சாவி. ஓட்டுக் கேட்டு நான் போனது எங்கள் தெருவோடு சரி. மற்ற இடமெல்லாம் அவரே கைகூப்பிக்கொண்டு போய்வந்தார். ஓட்டு எண்ணிய அன்றைக்குக்கூட எங்கள் ஆட்களுக்குப் புளியோதரை கிளறிக்கொண்டு அடுப்படியில்தான் நின்றேன்.

எங்கள் பஞ்சாயத்தில் இரண்டு ஊர். கண்மாய்க்கு மேற்கே நாங்கள், கிழக்கே அவர்கள். திருவாடானைப் பக்கம் எல்லா ஊரையும்போலத் தண்ணீர் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மிளகாய் என்று பிழைக்கிறவர்கள். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் கிழக்கூர்க்காரி ஜெயித்துவிட்டாள். பாவம், அவளும் என்னைப் போலப் புருஷன் நிறுத்தி நின்றவள்தான். செல்லாத ஓட்டையெல்லாம் செல்லும் என்று சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் ராமநாதபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். என் பெயரில்தான்.

வழக்கு நடந்த காலம் முழுக்க ஊரில் இந்தப் பேச்சுத்தான். மாநிலத்தில் எங்கள் ஆட்களுடைய கட்சி ஆட்சி. அதனால் தீர்ப்பு எங்களுக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். "நம்ம ஆட்சி நடக்கும்போது நம்ம கேஸ் தோக்குமா?" என்று டீக்கடையில் கேட்பார்கள், தோற்கும் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. ஜட்ஜு பரமக்குடிப் பக்கத்துக்காரர் என்றார் ஒருவர். நம்ம ஆளு, சொல்ல வேண்டியவங்க சொல்லியாச்சு என்றார் இன்னொருவர். உண்மையில் அவர்களிடம் இருந்த ஒரே ஆதாரம், அவர் எங்கள் வக்கீலைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார் என்பதுதான்.

சாட்சிக் கூண்டில் என்னையும் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிவளைத்து என்னவோ கேட்டார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜட்ஜு கையமர்த்திவிட்டு அவரே கேட்டார்.

"ஓட்டு எண்ணும்போது நீங்க அங்க இருந்தீங்களாம்மா?"

"இல்லைங்கய்யா. வீட்டுல சமைச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப தப்பு நடந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் சொன்னாருங்கய்யா."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜட்ஜு சிரிக்கவில்லை. வேறு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். என்னை விட்டுவிடுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லத்தான் ஆசை. ஒன்றுமில்லை என்றேன். நான் சொல்வேனா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் இறங்கச் சொன்னார். எலெக்‌ஷன் தொடங்கியதிலிருந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். அதனால் பிற்பாடு ஊரே அவரை ஏசியபோது எனக்கு வாய் வரவில்லை.

இங்கே என் அய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அய்யாவுக்குச் சொந்த ஊர் தொண்டிப் பக்கம். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இந்த ஊருக்கு வந்து உரக்கடை வைத்தார். என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார். அம்மா போன பிறகு தனியாகக் கடையிலேயே கிடந்தார். ஊரிலேயே போன் இருந்தது அந்தக் கடையில்தான். துபாய்க்குப் போன பிள்ளைகள் பேசினாலும், ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தாலும், அய்யா கடையை அப்படியே போட்டுவிட்டு அந்தந்த வீட்டுக்கு ஓடுவார். கண்மாய்க்குக் கிழக்கே உள்ளவர்களும் யூரியாவுக்கு அவரிடம்தான் வருவார்கள். யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

தீர்ப்பு நாளன்று நானும் என் வீட்டுக்காரரும், இன்னும் இரண்டொருவரும் ராமநாதபுரம் போயிருந்தோம். ஜட்ஜு இங்கிலீஷில் ஏதோ வாசித்தார். வெளியே வந்ததும் வக்கீல் கருப்பு அங்கியைக் கழற்றிக்கொண்டே, "மனு தள்ளுபடி" என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து, "அப்படின்னா?" என்று கேட்டார்.

"தோத்துட்டோம்னு அர்த்தம்."

அவர் அப்படியே மரத்துப்போய் நின்றார். எனக்கோ, தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. வெளியே காட்ட முடியுமா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் என் வீட்டுக்காரர் அய்யா கடைக்குப் போன் போட்டார். பூத் கதவு சரியாகச் சாத்தாது. நான் வாசலிலேயே நின்றேன். அவர் பேசியது முழுக்க என் காதில் விழுந்தது. "மாமா, ஜட்ஜு தள்ளுபடி பண்ணிட்டாரு. நாங்க பஸ்ஸுக்கு வாரோம்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தனக்கே அர்த்தம் தெரியாத வார்த்தை அது. தோத்துட்டோம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை, அந்தக் கோர்ட்டு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

எங்கள் ஊரில் தள்ளுபடி என்ற வார்த்தை ஒரு தடவைகூடக் கெட்ட சேதி கொண்டுவந்ததில்லை. சொசைட்டிக் கடன் தள்ளுபடி ஆனபோது மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த ஊர் அது. ஆடியில் ஜவுளிக்கடைக்காரன் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துவதும் அதே வார்த்தைதான். உரக்கடையின் முன்னால் சேதிக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்து அய்யா வாயெல்லாம் பல்லாக, "தள்ளுபடியாம்ப்பா!" என்றார். மகள் தலைவராகிவிட்டாள் என்றே அவரும் நம்பினார்.

மற்றதெல்லாம் பிறகு பலர் சொல்லக் கேட்டது. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த வெடியைக் கொளுத்தினார்கள். தப்பு மேளம் அடிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு, கண்மாய்க் கரை வழியாகக் கிழக்கூருக்கே போய், ஜெயித்தவள் வீட்டு வாசலில் ஆடினார்கள். கிழக்கூரில் வக்கீல் குமாஸ்தா ஒருவன் இருந்தான். அவன் மூலம் அவர்களுக்கு விஷயம் சரியாகவே வந்து சேர்ந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆடி வேர்த்தவர்களுக்கு அண்டாவில் நன்னாரி சர்பத் கரைத்து ஊற்றினார்கள். எங்கள் ஆட்கள், பயந்துவிட்டார்கள், அதுதான் உபசரிக்கிறார்கள் என்று நினைத்து வாங்கி வாங்கிக் குடித்தார்கள். இன்னும் ஒரு ஆட்டம் போடுங்கப்பா என்று ஒரு கிழவர் கேட்டாராம். அதையும் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் வந்த பஸ் ஊருக்குப் பிரியும் விலக்கில் நின்றபோது ரோட்டை அடைத்துக் கூட்டம். இறங்கின காலோடு என் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் கழுத்திலும் ஒன்று. தப்புச் சத்தத்தில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. அவர் மாலையைப் பிய்த்துத் தரையில் எறிந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. "ஏலே, தோத்துட்டோம்டா!" என்று கத்தினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மாலையை நான் எப்போது கழற்றினேன் என்று ஞாபகமில்லை.

அன்று பொழுது சாய்கிறபோது வைக்கோலில் ஒரு உருவம் செய்தார்கள். ஜட்ஜுக்குக் கருப்பு அங்கி வேண்டுமே, ஊரில் யாரிடம் இருக்கிறது? சபரிமலைக்குப் போகிறவரின் கருப்பு வேட்டியைச் சுற்றினார்கள். சாமி வேட்டியை எரிக்கலாமா என்று அதற்கு ஒரு சண்டை வந்து, பிறகு யார் குடையிலிருந்தோ துணியைக் கிழித்துப் போர்த்தினார்கள். விலைபோயிட்டான் என்றார்கள், கிழக்கூர்க்காரன் சாதி என்றார்கள், எங்கள் கட்சி மந்திரியையே ஏசினார்கள். பாடை கட்டித் தூக்கிப்போய்ப் பஸ் நிறுத்தத்தில் கொளுத்தினார்கள். திருவாடானையிலிருந்து வந்த போலீஸ்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். வைக்கோல் எவ்வளவு நேரம் எரியும்? சாம்பலானதும் எல்லோருக்கும் சர்பத் ஞாபகம் வந்துவிட்டது.

ராமநாதபுரத்தில் இருக்கிற ஜட்ஜை இவர்கள் என்ன செய்ய முடியும்? கைக்கு எட்டுகிற தூரத்தில் உரக்கடை இருந்தது.

மறுநாள் காளி கோவில் முன்னால் ஊர்க்கூட்டம். ஊருக்குத் தலைமையான அம்பலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஊரைக் கிழக்கூரான் வாசலில் கொண்டுபோய் ஆட வைத்தவர் அவர், அவர்களுக்கு உரம் விற்கிறவர், வேண்டுமென்றே செய்தார். இதுதான் குற்றம்.

"மாப்பிள்ளை போன்ல சொன்னதத்தான் சொன்னேன்ப்பா" என்றார் அய்யா.

"சொன்ன, சரி. ஏன் சிரிச்சுக்கிட்டே சொன்ன?" என்று கேட்டான் ஒருவன். அவன் மகன் பேசுகிற போனுக்காக அய்யா எத்தனையோ தடவை வெயிலில் ஓடியிருக்கிறார். வயசுக்குக்கூட மரியாதை இல்லாமல் நீ, வா, போ என்று பேசினான். மகள் ஜெயித்துவிட்டாள் என்று சிரித்தேன் என்று அய்யா சொல்லியிருக்கலாம். கூச்சப்பட்டார்.

நான் கோவில் மதிலோரம் பெண்களோடு நின்றிருந்தேன். கோர்ட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது, கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். இங்கே எல்லாம் தெரியும். முன்னால் போய், "போன் பேசும்போது நான் பக்கத்துல நின்னேன். என் காதால கேட்டேன். எங்கய்யா ஒரு வார்த்தையும் மாத்திச் சொல்லல" என்றேன்.

அம்பலம் என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பொம்பளையாளு என்னைக்குப்பா ஊர்க்கூட்டத்துல பேசியிருக்கு? வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றார். நேற்றுவரை என்னைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைக்கக் கோர்ட்டுக்கு அலைந்த ஊர் இது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்ணை வாரி இறைக்கலாம் போல் இருந்தது.

அய்யாவைக் காப்பாற்ற அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளால் முடியும். நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன், விவரமாகச் சொல்லாதது என் தப்பு என்று என் வீட்டுக்காரர் எழுந்து சொன்னால் போதும். நான் அவரையே பார்த்தேன். அய்யாவும் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போ" என்றார் என்னிடம்.

நான் போகவில்லை. ஊர் காலில் விழச் சொன்னார்கள். அய்யா குப்புற விழுந்து, கைகளைத் தலைக்கு மேலே நீட்டி, அம்பலம் எழுந்திரு என்று சொல்லும்வரை கிடந்தார். அம்பலம் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்த வாரமே மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று காகிதத்தை நீட்டினார்கள். "பேசக் கூடாதவ கையெழுத்து மட்டும் எதுக்கு?" என்று கேட்டேன். அடி விழுந்தது. போடவில்லை. அந்த வழக்கு அத்தோடு நின்றது.

அய்யா கடையைப் பூட்டிவிட்டுத் தங்கச்சிமடம் போய்விட்டார். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் மீன்வலையும் நைலான் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். அவருக்கு ஒத்தாசையாக இருந்தார். நான் எப்போதாவது போய்ப் பார்ப்பேன். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கடை போன் அடித்தால் வேறு யாரையாவது எடுக்கச் சொல்வார்.

சில வருஷம் கழித்து அங்கேயே இறந்துபோனார். சேதி சொல்லிவிட்டும் எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். பக்கத்து வீட்டுக் கடல் தொழிலாளிகள், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பாடையைத் தூக்கத் தயாராக நின்றார்கள். அப்போது இவர் அய்யா காலடியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டு அழுதார். "மாமா மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் அன்னைக்கு வெவரமாச் சொல்லல. ஊருக்குப் பயந்துக்கிட்டு வாயை மூடிட்டேன்."

அந்தக் கடல் ஆட்களுக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. மருமகன் பாசத்தில் அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட அங்கே இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொன்னார்.