டேங்க்குக்கு ஹீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு மீன் கடைக்குப் போயிருந்தேன். நீங்கள் நினைக்கிற மீன் கடை இல்லை. இது கண்ணாடிக்குள் நீந்துகிற, பொரித்துத் தின்ன முடியாத மீன் விற்கிற கடை. காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் தொட்டிக்கு ஒரு பழைய ஹீட்டர் உண்டு. இந்த மார்கழி முழுக்க அதன் விளக்கு ஒரு நாள்கூட எரியவில்லை. பாவம், ஆயுசு முடிந்துவிட்டது என்று முடிவு செய்து புதிதாக ஒன்று கேட்கப் போனேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊட்டிக்கா சார்?"

"இல்லப்பா, காட்டுப்பாக்கத்துக்குத்தான்."

"நம்ம ஊருக்கு இப்ப ஃபேனு, சில்லரு, இதான் சார் போவுது. தண்ணிய ஆற வெக்கறதுக்கே சனங்க அல்லாடுது. நீ இன்னான்னா சூடு பண்ணணும்ன்றே."

சொல்லிவிட்டு, கேட்டவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்து ஊதித் திறந்தார். உள்ளே கண்ணாடிக் குழாய், தலையில் கறுப்புத் திருகு, கண்ணாடியில் ஒட்டவைக்கும் ரப்பர் கிண்ணங்கள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நான் பூந்தமல்லியில் இல்லை. நேராக ஆவடி சேக்காட்டில், கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த பத்மா அக்கா வீட்டுப் பின்கட்டில் போய் நின்றேன்.

அப்போது எனக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. இரும்புச் சாமான்களை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துகிற பட்டறை. 'ஹீட் ட்ரீட்மென்ட்' என்று சொல்வார்கள். கேட்பவர்கள் ஏதோ வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கு யோசனை கேட்டதும் உண்டு. அதே பட்டறையில், காய்ச்சி வந்த சாமான்களைச் சோதித்து அனுப்புகிற பிரிவில் மலர் இருந்தாள். நான் அனுப்பியதையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவள், கடைசியில் என்னை மட்டும் பாஸ் செய்துவிட்டாள். இதற்கு மேல் விவரமாக எழுதினால் அவள் படிப்பாள், தாண்டிப் போகிறேன்.

மலரின் அப்பா பாரிவாக்கத்துக்காரர். நிலம் முழுக்க மனைகளாகிப் போன பிறகு, பொழுது போகாமல் வீட்டில் வரிசையாகத் தொட்டிகள் வைத்து மீன் வளர்த்தார். எங்கள் கல்யாணத்துக்கு ஒருவழியாகச் சம்மதித்தார் என்றாலும், பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் போலத்தான் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு முறைகூட 'மாப்ள' என்று கூப்பிட்டதில்லை. "இன்னாபா", "யப்பா", ரொம்ப மரியாதை வந்துவிட்டால் "தம்பி". எனக்கோ அந்த ஒரு சொல்லின் மேல் அப்படி ஓர் ஆசை. அவர் கூப்பிடாதவரை நான் அந்த வீட்டுக்குப் பால்காரன் மாதிரிதான்.

நாங்கள் தனிக்குடித்தனம் வந்தபோது இரண்டடித் தொட்டி ஒன்றையும் ஒரு ஜோடி ஏஞ்சல் மீனையும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். சீர்வரிசை என்று நான் பல்லைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்:

"தோ பாரும்மா. இத்த பொங்கல் வரிக்கும் உசுரோட வெச்சினு இருக்கட்டும் ஒன் ஊட்டுக்காரு. அப்பால பாத்துக்கலாம்."

எதைப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. இது சீர் இல்லை, பரீட்சை.

ஐப்பசி, கார்த்திகை எல்லாம் மீன்கள் ஜாலியாகத்தான் இருந்தன. மார்கழி பிறந்ததும் வந்தது வினை. சேக்காட்டில் மார்கழிக் குளிரா என்று சிரிக்காதீர்கள். ஏரிப் பக்கம் பனி இறங்கிக் கிடக்கும், பஸ் கண்டக்டர் மஃப்ளருக்குள்ளிருந்து விசில் ஊதுவார். அப்படிப்பட்ட ஒரு காலையில் பார்த்தால், ஜோடி இரண்டும் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு தொட்டியின் மூலையில் அசையாமல் நிற்கின்றன. கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் நிற்கிற சம்பந்திகள் போல, போட்ட தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மலருக்கு முகமே செத்துவிட்டது. "இதுங்க போயிடுச்சின்னா எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. லேசா சிரிப்பாரு பாரு, அத்தத்தான் என்னால தாங்க முடியாது" என்றாள். எனக்கும் அந்தச் சிரிப்பு தெரியும். அன்றே அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஜானி அண்ணாத்தே என்பவர் அலங்கார மீன் கடை வைத்திருந்தார். பக்கத்திலேயே ஐஸில் வஞ்சிரம் அடுக்கி விற்கும் தள்ளுவண்டி. உயிரோடு இருப்பது ஒரு பக்கம், குழம்புக்கு ஆவது ஒரு பக்கம். நான் நேராகப் போய், இருப்பதிலேயே பெரிய ஹீட்டரைக் கேட்டேன். சிவக்கச் சிவக்க உலை பார்த்துப் பழகியவனுக்கு மற்றதெல்லாம் அகல் விளக்காகத் தெரிந்தது.

"டேங்கு எத்தினி அடி?"

"ரெண்டு."

"இத்தப் போயி ரெண்டடியில வெச்சின்னா... நைனா, நீ மீன வளக்கப் போறியா, கொழம்பு வெக்கப் போறியா?"

தள்ளுவண்டிக்காரரும் சேர்ந்து சிரித்தார். ஜானி அண்ணாத்தே சிறியதில் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்றில் திருகு கிடையாது. சூட்டின் அளவைக் கம்பெனியிலேயே பூட்டி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்றில் நாமே ஏற்றி இறக்கிக்கொள்ளத் தலையில் திருகு உண்டு. திருகு இல்லாததை எடுத்துக்கொள், வம்பில்லை என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்பேனா? திருகுவதற்கு ஒன்றும் இல்லாத உலையை எந்த ஹீட் ட்ரீட்மென்ட்காரனும் மதிக்க மாட்டான். திருகு வைத்ததையே வாங்கினேன். கூடவே, வாயிலிருந்து குமிழி விடுகிற பிளாஸ்டிக் முதலை ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். விளக்கு எரியவில்லை. பிளக்கை ஆட்டினேன், தட்டினேன், வேறு ஸ்விட்சில் போட்டேன். ஏமாற்றிவிட்டான் என்று அதே வேகத்தில் திரும்ப அம்பத்தூர் போய்ச் சண்டைக்கு நின்றேன். ஜானி அண்ணாத்தே ஒரு குவளைத் தண்ணீரில் வஞ்சிரத்தின் மேலிருந்த ஐஸை அள்ளிப் போட்டு, ஹீட்டரை அதற்குள் இறக்கி, ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"மத்தியானத்துல தண்ணி தானா சூடா கீது. அது எதுக்கு எரியணும்? குளுந்தாதான் எரியும். நீ எங்க வேலை செய்யறேன்னு சொன்ன?"

எஸ்டேட்டில் என்று மட்டும் சொன்னேன். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை.

இதற்குள் சேக்காட்டில் வேறொரு கூத்து. வீட்டுக்கார பத்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான ஆள், குரல் அதைவிட உயரம். குடி வந்த அன்றே சொல்லிவிட்டார்: "ஹீட்டரு கூடாது. அயர்ன்பாக்ஸ் கூடாது. எங்க ஊட்ல எல்லாருக்கும் பச்சத் தண்ணிதான்." நான் டப்பாவும் கையுமாகப் போய் வந்துகொண்டிருந்ததைக் கவனித்து, குழாயடியில் மலரை மடக்கியிருக்கிறார். மலர் சூதுவாது இல்லாமல், "டேங்க்குக்கு ஹீட்டர்கா" என்று சொல்லிவிட்டாள்.

ஆவடியில் டேங்க் என்றால் முதலில் பீரங்கி வைத்த டேங்க். அக்காவின் வீட்டுக்காரர் கன்னியப்பன் அண்ணன் அந்த டேங்க் செய்கிற ஃபேக்டரியில்தான் வேலை பார்த்தார். அதற்கு யாரும் ஹீட்டர் போட மாட்டார்கள். மிச்சம் இருப்பது மொட்டை மாடித் தண்ணீர் டேங்க். நான் அம்பத்தூரிலிருந்து இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்தபோது, அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாபா, மாடி டேங்க்க பூரா வெந்நீராக்கப் போறியாமே? தெருவே துண்டு எடுத்துகினு வந்து நிக்கும். எம் மீட்டரு இன்னா கதிக்கு ஆவறது? பொங்கலுக்கு முன்ன ஊட்ட காலி பண்ணு!"

மாமனார் பொங்கலுக்கு வந்து பார்க்கும்போது மீன் மட்டுமல்ல, வீடே இருக்காது போலிருந்தது. கையைப் பிடிக்காத குறையாக அக்காவை உள்ளே கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினேன். டப்பாவைப் பிரித்து அந்த விரல் தடிமன் குழாயையும் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். ஏஞ்சல்கள் மூலையில் நின்றபடி அவரைப் பார்த்தன.

"மீனுக்கா?" என்றார். பிறகு இன்னும் ஒரு தடவை, "மீனுக்கா? வருசம் பூரா தண்ணியிலயே கெடக்கற சென்மத்துக்கு வெந்நீரு. எங்க ஊட்டு ஆம்பள காலங்காத்தால பச்சத் தண்ணிய மொண்டு ஊத்திகினு ஷிப்ட்டுக்கு ஓடறாரு!"

ஆனால் போகவில்லை. உட்கார்ந்துவிட்டார். குளிர்ந்தால் தானே எரியும், சூடானால் தானே அணையும் என்று, ஏதோ நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவன் போல விளக்கினேன். மறுநாள் விடியலில் விளக்கு எரிந்தது. அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அப்ப நெசமாவே குளுருதான்" என்று தீர்ப்புச் சொன்னார். தன் வீட்டுக்காரர் நடுங்கியபோதெல்லாம் நடிப்பு என்று நினைத்தவர், ஒரு விளக்கு சொன்னதும் நம்பிவிட்டார். அன்று கன்னியப்பன் அண்ணனுக்கு வெந்நீர் கிடைத்தது.

அதுவே அந்த வீட்டுச் சட்டமானது. தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்கும்: "எரிதா?" எரிகிறது என்றால் அவர் வீட்டு அடுப்பில் வெந்நீர் ஏறும். எரியவில்லை என்றால் பச்சைத் தண்ணீர். பக்கத்துப் போர்ஷன்களிலும் இதைப் பார்த்துத்தான் தலைக்குக் குளிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள்.

ஒரு நாள் கன்னியப்பன் அண்ணன் என்னைத் தெருமுனை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அதிகம் பேசாதவர். அன்றைக்கு மட்டும் காதோடு பேசினார்.

"தம்பி, அந்தத் திருகு கீதே... அத்த லைட்டா ஏத்தி வெய்யேன்."

"அண்ணே, மீனுக்கு ஆகுமா?"

"மீனப் பாக்கறே. என்னப் பாக்க மாட்டியா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கொஞ்சம் ஏற்றினேன். மறுநாள் அவர் இன்னும் கொஞ்சம் என்று கண்ணைக் காட்டினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் விளக்கு எரியாத காலையே இல்லை. அவ்வளவு மோசமான மார்கழியைச் சேக்காடு கண்டதில்லை என்று பத்மா அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தினமும் ஆவி பறக்கக் குளித்துவிட்டு, புது மாப்பிள்ளை போல ஷிப்ட்டுக்குப் போனார். மீன்களும் மூலையை விட்டு வந்து, தீனிக்குச் சண்டை போட ஆரம்பித்தன.

காணும் பொங்கலன்று மாமனார் வந்தார். செருப்பைக் கழற்றியவர் என்னை விசாரிக்கவில்லை, மகளை விசாரிக்கவில்லை, நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஃபில்டர் குழாயில் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஜோடி இரண்டும் அதன் முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. அழுக்கு என்று நினைத்து அன்று காலைதான் நான் சுரண்டப் போய், நேரமில்லாமல் விட்டிருந்தேன்.

"முட்ட வெச்சிருக்கு" என்றார் மாமனார். குரலே வேறு மாதிரி இருந்தது. "என்னாண்ட இத்தினி வருசமா கீதுங்க. ஒரு தபா வெச்சதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணிக்கு இன்னா பண்ணே, மாப்ள?"

மாப்ள! என் காது குளிர்ந்துவிட்டது. வாய் நிறைய உண்மையைக் கொட்டப் போனேன். வாசலில் கரும்பைக் கடித்தபடி பத்மா அக்கா நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் கன்னியப்பன் அண்ணன், சாமி முன்னால் நிற்பது போல என்னைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல மாமா. எல்லாம் அக்கா ஊட்டு ராசி" என்றேன்.

"அப்பிடி சொல்லு!" என்றார் அக்கா, பூரித்துப்போய். அண்ணன் கையை இறக்கினார்.

முட்டைகள் குஞ்சாகவில்லை. இரண்டாம் நாளே அப்பனும் ஆத்தாளும் சேர்ந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டார்கள். அதனால் என்ன, கூப்பிட்ட சொல்லைத் திரும்ப வாங்க முடியாதே. கடைசிவரை அவர் என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். தன் தொட்டிகளில் திருகு இல்லாத ஹீட்டர்களை மாட்டிவிட்டு, முட்டை வரவில்லை என்று போன் செய்து புலம்புவார். நான் ராசி என்பேன்.

இப்போது மாமனார் இல்லை. கன்னியப்பன் அண்ணனும் அவருக்குப் பின்னால் பத்மா அக்காவும் போய்விட்டார்கள். சேக்காட்டு வீடு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறது, குளியலறைக்குக் குளியலறை கீசரோடு. பூந்தமல்லிக் கடையில் அந்த ஹீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் நினைத்தேன். பிறகு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, தீனி மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"வாங்கலியா?" என்றாள் மலர்.

"பழசையே ஒரு தடவ பாத்துடலாம்னு..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டாள். நான் பழைய ஹீட்டரைத் துடைத்து அதற்குள் இறக்கி ஸ்விட்சைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மார்கழிக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது.

மலர் சின்னப் பெண் மாதிரி ஜன்னலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே கத்தினாள்: "எக்கா! எரியுதுக்கா! அண்ணனுக்கு வெந்நீர் போடு!"

கீழே பார்க்கிங்கில் வாட்ச்மேன் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.